நம்பத்தக்கது எது? சில ஆங்கிலச் சொற்களின் கதை

ஆங்கிலத் தேர்வு எழுதும் மாணவர்களை இடறிவிடும் சொல் இணைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று 'இன்கிரெடிபிள்', 'இன்கிரெடுலஸ்' என்னும் இணை. முன்னது நம்ப முடியாத செய்தியைக் குறிக்கும். பின்னது அச்செய்தியை நம்ப மறுக்கும் ஆளைக் குறிக்கும். செய்தி இன்கிரெடிபிள்; கேட்டவர் இன்கிரெடுலஸ். ஆண்டுதோறும் விடைத்தாள்களில் இவ்விரண்டும் இடம் மாறிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிவப்பு மையால் திருத்தும்போது சிறிது கூச்சமாகவும் இருக்கும். ஏனெனில் ஷேக்ஸ்பியரே 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் இன்கிரெடுலஸ் என்ற சொல்லை 'நம்ப முடியாத' என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அது பிழையன்று. பிற்காலத்தில்தான் ஆளுக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று என்று வழக்கு பிரித்துக் கொண்டது. இன்றோ கிரிக்கெட் வர்ணனையாளர் நல்ல பந்து ஒவ்வொன்றையும் இன்கிரெடிபிள் என்கிறார். அவர் பந்து வந்ததை நம்ப மறுக்கவில்லை. 'மிக நன்று' என்பதே அவர் சொல்ல வருவது.

நம்பிக்கை பற்றிய ஆங்கிலச் சொற்கள் இவ்வாறு பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இம்மாற்றங்களை மொழியாசிரியர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. எதை நம்பலாம், யார் சொன்னால் நம்பலாம், எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விகளுக்கு ஐரோப்பிய அறிவியல் விடை தேடிய வரலாறு இச்சொற்களுக்குள் புதைந்து கிடக்கின்றது. அதைத் தோண்டிப் பார்ப்போம்.

கடனும் நம்பிக்கையும்

'கிரெடெரே' என்னும் இலத்தீன் வினைக்கு 'நம்பு' என்றும் 'நம்பி ஒப்படை' என்றும் பொருள். இதிலிருந்து கிளைத்தவை பல. நம்பத்தக்கது கிரெடிபிள். எதையும் எளிதில் நம்பிவிடும் ஏமாளி கிரெடுலஸ். கிறித்தவர்களின் விசுவாச அறிக்கை 'கிரீடு'. நம்பி ஒப்படைத்த பொருள், அதாவது கடன், 'கிரெடிட்'. இன்று சட்டைப்பையில் இருக்கும் கிரெடிட் கார்டும் தேவாலயத்தில் ஓதப்படும் கிரீடும் ஒரு தாய் மக்கள். அயோக்கியன் என்னும் பொருளில் வழங்கும் 'மிஸ்கிரியன்ட்' என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியில் 'தவறாக நம்புபவன்', அதாவது மாற்று மதத்தான் என்றே பொருள்பட்டது. நம்மைப் போல் நம்பாதவன் அயோக்கியன் என்ற கருத்து, சொல்லின் பொருளாகவே உறைந்துவிட்டது!

பணத்தையும் வாக்கையும் ஒரே சொல்லால் குறிப்பது ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. 'நாணயம்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கையில் இருப்பதும் நாணயம். மனிதரிடம் இருக்க வேண்டியதும் நாணயம்.

இன்னொரு குடும்பம் கைதட்டலில் பிறந்தது. 'பிளாசிபிள்' என்ற சொல்லின் மூலம், கைதட்டுதல் என்னும் பொருளுடைய 'பிளாடெரே'. பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பிளாசிபிள் என்றால் பாராட்டுக்குரியது என்று பொருள். பேச்சாளர் பேசுகிறார், கூட்டம் தட்டுகிறது, தட்டியதால் அது உண்மையாகிவிடுமா? அடுத்த நூற்றாண்டுக்குள் இந்த ஐயம் சொல்லின் மேலேயே படிந்துவிட்டது. 'கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால்...' என்ற இழுப்பு இன்றும் அச்சொல்லோடு வருகிறது. ஆட்களைப் பற்றிச் சொன்னாலோ நிலைமை இன்னும் மோசம். பிளாசிபிளான ஆள் என்றால் இனிக்கப் பேசி ஏமாற்றக்கூடியவர்.

இதன் உடன்பிறப்பைச் சொன்னால் வியப்பீர்கள். வெடித்தலைக் குறிக்கும் 'எக்ஸ்புளோடு' என்ற சொல்தான் அது. ரோமானிய நாடக அரங்கில் பிடிக்காத நடிகரைக் கைதட்டி ஓசை எழுப்பி மேடையிலிருந்து விரட்டுவதே அதன் முதற்பொருள். எரிவதற்குக் காரணம் 'புளோஜிஸ்டன்' என்ற பொருளே என்று கூறிய பழைய கொள்கையை 'எக்ஸ்புளோட் ஆன கொள்கை' என்று ஆங்கில நூல்கள் எழுதினால், அது வெடித்துச் சிதறியது என்று கொள்ளக் கூடாது. மேடையை விட்டு விரட்டப்பட்டது என்றே கொள்ள வேண்டும். வெடிமருந்துக்கு இச்சொல் உரியதானது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

பிளாசிபிள் என்ற சொல்லுக்கு அறிவியலில் ஒரு மதிப்பான இடமும் கிடைத்தது. 1965-இல் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் ஆங்கிலப் புள்ளியியலாளர், ஒன்று ஒரு நோய்க்குக் காரணமா இல்லையா என்று முடிவு செய்ய உதவும் ஒன்பது நோக்குகளை வகுத்தார். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களுள் ஒருவர் அவர். உடலியல் அறிவுக்குப் பொருத்தமாக இருத்தல் அந்த ஒன்பதனுள் ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் பிளாசிபிலிட்டி. ஆனால் இதை மிகவும் வலியுறுத்த வேண்டாம் என்றும் உடனே எச்சரித்தார். எது பொருத்தமாகத் தோன்றும் என்பது அந்தந்தக் காலத்து அறிவின் எல்லையைப் பொறுத்தது அல்லவா? இந்த எச்சரிக்கையின் முழுப் பொருள் சற்றுப் பின்னர் விளங்கும்.

ஏற்கத்தக்கதிலிருந்து எண்ணத்தக்கதற்கு

இச்சொற்களுள் மிகுந்த தொலைவு பயணம் செய்தது 'பிராபபிள்' என்பதாகும். 'புரோபாரே' என்றால் சோதித்தல், சோதித்து ஏற்றல். கிரேக்கத் தத்துவவாதி கார்னியாடிஸ், முழு உறுதி மனிதருக்குக் கிட்டாது. ஆகவே மனத்தைக் கவர்ந்து இணங்க வைப்பதைக் கொண்டு வாழ்வை நடத்தலாம் என்றார். அவருடைய சொல்லை இலத்தீனில் எழுத முற்பட்ட சிசரோ, 'புரோபாபிலே' என்று பெயர்த்தார். ஏற்கத்தக்கது என்பது அதன் பொருள்.

இடைக்கால ஐரோப்பாவில் இந்த ஏற்கத்தக்க தன்மையை யார் முடிவு செய்தார்கள்? சான்றுகள் அல்ல; சான்றோர். மதிப்புமிக்க நூலாசிரியர் ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தால் அக்கருத்து பிராபபிள். எனவே ஒரே வேளையில் ஒரு கருத்தும் அதற்கு நேர் எதிரான கருத்தும் பிராபபிளாக இருக்கக் கூடும். இரண்டு பக்கமும் பெரியவர்கள் இருந்தால் போதும். 1577-இல் பார்த்தலோமே தெ மெதினா என்னும் ஸ்பானிய இறையியலாளர் இதற்கும் ஒருபடி மேலே சென்றார். ஒரு கருத்து பிராபபிளாக இருந்தால், அதற்கு எதிரான கருத்து அதைவிட மிகுந்த பிராபபிளாக இருந்தாலும், முதற்கருத்தைப் பின்பற்றுவதில் பாவம் இல்லை என்றார். வேண்டியதைச் செய்துவிட்டு அதற்கு ஒரு பெரியவரைத் தேடிக்கொள்ள இது எவ்வளவு வசதி!

நீதிமன்றத்தில் இக்கணக்கு வசதியாக இல்லை, கொடுமையாக இருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளில் வழங்கிய ரோமானிய-திருச்சபைச் சட்ட முறையில், கண்ணால் கண்ட சாட்சிகள் இருவர் இருந்தால் முழுச் சான்று. ஒருவர் மட்டும் என்றால் அரைச் சான்று. கொடுங்குற்றங்களில் அரைச் சான்றைக் கொண்டு தண்டிக்க முடியாது. ஆனால் அதைக் கொண்டு குற்றம் சாட்டப்பட்டவரைச் சித்திரவதை செய்யலாம். அவர் வலி தாளாமல் ஒப்புக்கொண்டால் அது முழுச் சான்றாகிவிடும். நம்பகத்தை எண்ணிக்கையால் அளக்கும் முயற்சி ஐரோப்பாவில் இத்தகைய இருண்ட அறைகளிலும் நடந்தது என்பதை மறந்துவிடலாகாது.

மெதினாவின் வழி வந்தவர்களைப் பிளேஸ் பாஸ்கல் 1656, 1657 ஆம் ஆண்டுகளில் எழுதிய கடிதங்களில் கடுமையாக எள்ளி நகையாடினார். இதே பாஸ்கல்தான் 1654-இல் சூதாட்டப் பணத்தை நியாயமாகப் பங்கிடுவது பற்றி பெர்மாவுடன் கடிதப் போக்குவரத்து நடத்தியவர். கணிதத்தில் நிகழ்தகவுக் கொள்கை பிறந்த கடிதங்கள் என்று நாம் படிக்கின்றோமே, அவை. விந்தை என்னவெனில், அக்கடிதங்களில் நிகழ்தகவைக் குறிக்கும் அந்தச் சொல் இல்லை! பகடையின் கணக்கு ஒரு பக்கம் வளர்ந்தது. பிராபபிள் என்ற சொல் இறையியலாளர்களிடம் சிக்கிக் கிடந்தது. 1657-இல் ஹைகன்ஸ் எழுதிய சூதாட்டக் கணித நூலும் 'எதிர்பார்ப்பு' என்றே பேசிற்று.

இரண்டும் ஒன்று சேர்ந்தது 1662-இல். பாஸ்கலின் நண்பர்களான ஆர்னோ, நிக்கோல் இருவரும் எழுதிய 'போர்ட்-ராயல் தருக்கம்' என்னும் நூலின் இறுதிப் பகுதியில் இடிக்கு அஞ்சி நடுங்குவோரைப் பற்றி ஓர் இடம் உண்டு. இருபது லட்சம் பேரில் இடி விழுந்து சாகிறவர் ஒருவர்கூட இருப்பாரோ என்னவோ. ஆகவே அச்சம், தீங்கின் அளவுக்கு மட்டுமன்றி அது நேரக்கூடிய பிராபபிலிட்டிக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அங்கே கூறப்படுகிறது. பெரியவர்களின் ஒப்புதலைக் குறித்த சொல், இங்கே உலகில் ஒன்று எத்தனை முறை நிகழ்கிறது என்பதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. 1713-இல் வெளிவந்த யாக்கோப் பெர்னூலியின் நூல் அதை உறுதியின் ஒரு பின்னம் என்றே வரையறுத்தது.

தமிழில் இதற்கு நிகழ்தகவு என்கிறோம். தகவு என்றால் தகுதி, ஏற்புடைமை. சிசரோ தேர்ந்த சொல்லின் பழம்பொருளும் அதுவே. கலைச்சொல் ஆக்கியோர் இதை அறிந்து செய்தார்களோ, அறியாமல் பொருந்திற்றோ, நல்ல சொல்தான்.

சாட்சிக்கு வந்த துணி வணிகர்

1660-இல் இலண்டனில் தோன்றிய ராயல் சொசைட்டி, யாருடைய சொல்லையும் நம்பி ஏற்பதில்லை என்று பொருள்படும் இலத்தீன் தொடரைத் தன் குறிக்கோளாக வைத்துக் கொண்டது. கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் இது இயலுமா? எல்லாச் சோதனைகளையும் எல்லாரும் செய்து பார்க்க முடியாது. ஆகவே கிரெடிபிள் சாட்சி தேவைப்பட்டார். அக்காலத்தில் கிரெடிபிள் என்ற அடைமொழி நிலமும் பெயரும் உள்ள கனவான்களுக்கே எளிதில் கிடைத்தது. தம் சோதனைகளைப் பார்வையிட்ட கனவான்களின் பெயர்களை இராபர்ட் பாயில் தம் நூல்களில் குறித்து வைத்ததற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் கனவான் அல்லாதவர் என்ன செய்வார்? ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லூவன்ஹூக்கின் கதை இதற்கு விடை தருகிறது. பல்கலைக்கழகம் காணாதவர், இலத்தீன் அறியாதவர். தம் கையால் தேய்த்த ஒற்றை வில்லைகளைக் கொண்டு, மிளகு ஊறிய நீரில் ஆயிரமாயிரம் சிற்றுயிர்கள் நீந்துவதைக் கண்டதாக 1676 அக்டோபரில் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இலண்டனில் பார்த்தபோது முதலில் ஒன்றும் தென்படவில்லை. தம் வில்லையைச் செய்யும் முறையை வெளியிட லூவன்ஹூக்குக்கு விருப்பமில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? மதகுரு உள்ளிட்ட எட்டுப் பேரை அழைத்து வில்லை வழியே காட்டி, அவர்கள் கண்டதற்குச் சாட்சிக் கடிதங்கள் வாங்கி 1677-இல் அனுப்பி வைத்தார். இறுதியில் ஐயத்தைத் தீர்த்தது சாட்சிக் கடிதமன்று. அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் இராபர்ட் ஹூக் மிளகு நீரைத் தம் நுண்ணோக்கியில் வைத்து, கூடியிருந்த உறுப்பினர்களுக்குச் சிற்றுயிர்களைக் காட்டினார். 1680-இல் துணி வணிகர் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

நேரில் காட்ட முடியாதபோது என்ன செய்வது? தத்துவ அறிஞர் ஜான் லாக் 1690-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு கதை சொல்கிறார். சயாம் நாட்டு அரசரிடம் டச்சுத் தூதர் தம் நாட்டு விசேடங்களைக் கூறி வந்தார். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் தண்ணீர் இறுகிப் போகும். யானை வந்தாலும் அதன் மேல் நடக்கலாம் என்றார். அதுவரை எல்லாவற்றையும் நம்பிக் கேட்டுக் கொண்டிருந்த அரசர், இப்போதுதான் நீர் பொய்யர் என்பது உறுதியாயிற்று என்று சொல்லிவிட்டாராம். 1748-இல் டேவிட் ஹியூம் இக்கதையைத் தொட்டுச் செல்லும்போது அரசரை இந்திய இளவரசராக்கிவிட்டார். அந்த இளவரசர் சரியாகவே சிந்தித்தார் என்றும் பாராட்டினார். முடிவு தவறு, ஆனால் தம் அனுபவத்துக்கு முற்றிலும் அயலானதை ஏற்க வலுவான சாட்சி கேட்டது முறை என்பது ஹியூமின் கருத்து.

நம்மூரில் இந்த வழக்கு பிற்காலத்தில் தீர்ந்தது. பிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்துக்கானதே. பின்னாளில் அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சயாம் அரசர் நினைவுக்கு வருவார்.

சாட்சியைக் கணக்கிடுதல்

1699-இல் ராயல் சொசைட்டியின் இதழில் பெயரில்லாமல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மனிதச் சாட்சியத்தின் நம்பகத்தைக் கணக்கிடுவது அதன் பொருள். அதன் கருத்தை நம் எண்களில் காண்போம். பத்தில் ஒன்பது முறை உண்மை சொல்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் தம்மைப் போன்ற ஒருவரிடம் சொல்ல, அவர் மற்றொருவரிடம் சொல்ல, இவ்வாறு செய்தி கைமாறுகிறது. இரண்டு பேரைக் கடந்தால் அதன் நம்பகம் 0.81, ஏழு பேரைக் கடந்தால் 0.48. அதாவது பாதிக்கும் கீழ். மாறாக, இத்தகைய இருவர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நிகழ்ச்சியைச் சொன்னால், இருவரும் ஒருங்கே தவறியிருக்க இடம் நூற்றில் ஒன்றே, நம்பகம் 0.99. வரிசையாக நிற்கும் சாட்சிகள் உண்மையைத் தேய்க்கிறார்கள். அருகருகே தனித்து நிற்கும் சாட்சிகள் வளர்க்கிறார்கள். இன்று இக்கணக்கில் பல குறைகளைக் காட்ட முடியும். எனினும் அடிப்படை வேறுபாடு சரியானதே.

அதே ஆண்டில் ஜான் கிரெய்க் என்னும் ஸ்காட்லாந்துக் கணிதர், ஏசு பற்றிய வரலாற்றின் நம்பகம் காலப்போக்கில் தேய்ந்து கி.பி. 3150-இல் இல்லாமற் போகும் என்று நியூட்டனைப் பின்பற்றிச் சமன்பாடு போட்டார். சமன்பாடு இருந்துவிட்டால் எதுவும் அறிவியலாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வானத்திலிருந்து விழுந்த கற்கள்

தனித்த சாட்சிகள் பற்றிய இவ்வுண்மை ஏட்டளவில் இருந்தபோது, வயல்களில் கற்கள் விழுந்து கொண்டிருந்தன.

1768 செப்டம்பர் 13 ஆம் நாள், பிரான்சில் லூசே என்ற ஊரருகே வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இடி போன்ற ஓசையைக் கேட்டார்கள். ஏதோ சீறிக்கொண்டு விழுந்தது. ஓடிப் பார்த்தால் பாதி புதைந்த கல். தொட முடியாத சூடு. கல் பாரிசுக்குச் சென்றது. அறிவியல் கழகம் மூவரைக் கொண்ட குழுவை அமைத்தது. அவர்களுள் ஒருவர் அப்போது இருபத்தைந்து வயதான லவாய்சியர், வேதியியலின் தந்தை என்று நாம் போற்றுபவர். அவர்கள் கல்லைப் பகுத்தாய்ந்து, இது வானத்திலிருந்து விழுந்ததன்று. மண்ணில் கிடந்த கந்தக இரும்புக் கல்லின் மேல் மின்னல் தாக்கியிருக்கிறது என்று முடிவு கூறினார்கள். கல்லை ஆராய்ந்தார்கள், கண்டவர்களின் சொல்லைத் தள்ளினார்கள். வானில் கற்கள் இல்லை. ஆகவே வானிலிருந்து கல் விழ முடியாது. அக்கால அறிவின்படி இதுதான் பிளாசிபிள்.

1790 ஜூலை 24-இல் பிரான்சின் தென்மேற்கே பார்பொத்தான் வட்டாரத்தில் கற்கள் பொழிந்தன. மேயரும் ஊர்மக்களும் முந்நூறு பேருக்கு மேல் கையொப்பமிட்டுச் சாட்சிப் பத்திரம் அனுப்பினார்கள். ஓர் ஊராட்சியே இப்படிக் கட்டுக்கதைக்குச் சான்றிதழ் எழுதும் நிலைக்கு வந்துவிட்டதே என்று பெர்தொலோன் என்னும் அறிஞர் வருந்தி எழுதினார். படித்தவர்களின் பார்வையில் உழவர் முந்நூறு பேர் கிரெடுலஸ் கூட்டம். கிரெடிபிள் சாட்சிகள் அல்லர்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதல்வர் ஜெர்மனியின் கிளாட்னி. அதிரும் தகட்டில் மணலைத் தூவி அழகிய கோலங்களைக் காட்டியவர் என்று ஒலியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் முறையாகப் பயின்றது சட்டம். அவர் கல்லைப் பார்ப்பதற்கு முன் சாட்சிகளைப் பார்த்தார். கெட்டிங்கன் நூலகத்தில் அமர்ந்து, பல நாடுகளில் பல நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட எரிபந்து, கல்வீழ்ச்சிக் குறிப்புகளை வழக்கறிஞரின் கண்ணோடு ஒப்பிட்டார். ஒருவரை ஒருவர் அறிய வழியே இல்லாதவர்கள் ஒரே மாதிரி ஒளியையும் ஓசையையும் கல்லையும் வருணிப்பதைக் கண்டார். இக்கற்கள் விண்வெளியிலிருந்து வருபவை என்று 1794-இல் நூல் எழுதினார். முதலில் அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் ஏளனமே.

அடுத்த ஆண்டு டிசம்பர் 13-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் வோல்டு காட்டேஜ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. நிலத்துக்கு உரியவரான எட்வர்டு டாப்ஹம், கண்டவர்களிடம் உறுதிமொழி வாக்குமூலங்கள் வாங்கினார். கல்லை இலண்டனுக்குக் கொண்டுவந்து ஒரு ஷில்லிங் கட்டணத்தில் காட்சிக்கும் வைத்தார். (உண்மைக்கும் கட்டணம் உண்டு போலும்.)

பிறகு நம் நாட்டிலிருந்து ஒரு கல் சென்றது. 1798 டிசம்பர் 19 ஆம் நாள் இரவு காசி அருகே ஒரு பெரும் எரிபந்து தோன்றி, கிராமத்து வயல்களில் கற்கள் விழுந்தன. ஆங்கில அதிகாரிகள் கிராமத்தாரை விசாரித்துக் கற்களை இலண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஹோவர்டு என்னும் வேதியியலாளர் காசிக் கல்லையும், யார்க்ஷயர் கல்லையும், இத்தாலியின் சியன்னா, பொகிமியாவின் தாபோர் ஆகிய இடங்களில் விழுந்த கற்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்து 1802-இல் முடிவை வெளியிட்டார். நான்கிலும் ஒரே மாதிரி உலோகத் துகள்கள்; அத்துகள்களில் நிக்கல். பூமியின் சாதாரணப் பாறைகளில் இப்படிக் காண்பதில்லை. காசிக் கிராமத்து உழவரும் யார்க்ஷயர்க் கூலியாளும் சந்தித்து ஒத்துப் பேசியிருக்க முடியுமா? சந்திக்காத அவர்களின் கையில் ஒரே பொருள் இருந்தது. தனித்த சாட்சிகளின் வலிமை என்பது இதுவே.

1803 ஏப்ரல் 26-இல் பிரான்சில் லேகிள் நகரருகே ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் பொழிந்தன. அரசு அனுப்பிய இருபத்தொன்பது வயது பியோ, ஊர் ஊராக நடந்து விசாரித்தார். சான்றுகளை அவர் இரண்டாகப் பிரித்தார்: பொருளால் வரும் சான்று, மனிதர் சொல்லால் வரும் சான்று. அவ்வட்டாரத்தின் சுரங்கங்களிலோ உலைக்கழிவுகளிலோ இத்தகைய கல் இல்லை. விழுந்த நாளுக்கு முன் யாரும் கண்டதில்லை. இது முதல்வகை. பல தொழில், பல நிலை, பல கருத்து உடையவர்கள், பொய் சொல்லி ஆதாயம் அடைய வழியில்லாதவர்கள், ஒரே நாளில் ஒரே நேரத்தில் நடந்ததாகக் கூறியது இரண்டாம் வகை. கற்கள் கிடந்த இடங்களைப் படத்தில் குறித்தார். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டம் தெரிந்தது. பெரிய கற்கள் ஒரு முனையில் கிடந்தன. எந்த உழவரும் இந்த நீள்வட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொருவரும் சொன்ன இடம் அதற்குள் விழுந்தது. ஜூலையில் பியோ தம் அறிக்கையைப் படித்த பிறகு பிரான்சில் எதிர்ப்பு பெரும்பாலும் ஓய்ந்தது. லூசே வயலில் கல் விழுந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. லவாய்சியர் 1794-இலேயே கில்லட்டினுக்கு இரையாகிவிட்டார்.

'இருக்கலாம்' என்பது எவ்வளவு?

நம்பத்தக்க சாட்சியைக் கண்டறிந்தாயிற்று. அவர் பயன்படுத்தும் சொல்லை நாம் அதே அளவில் புரிந்துகொள்கிறோமா? இக்கேள்வியை எழுப்பியவர் வரலாற்றாசிரியராக இருந்து அமெரிக்க உளவுத் துறையில் சேர்ந்த ஷெர்மன் கென்ட். 1951 மார்ச்சில் அவர் குழு, யூகோஸ்லாவியா மீது அவ்வாண்டு படையெடுப்பு நேருவது 'கருதத்தக்க அளவுக்குச் சாத்தியம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை அறிக்கையில் எழுதிற்று. நூற்றுக்கு எவ்வளவு என்று ஓர் அதிகாரி வினவினார். கென்ட் தம் மனத்தில் இருந்த 65 என்பதைச் சொன்னார். அதிகாரி திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாகக் கருதியிருந்தார். கவலையுற்ற கென்ட், அதே அறிக்கையில் ஒப்பமிட்ட தம் தோழர்களைக் கேட்டார். ஒருவர் 20 என்றார். மற்றொருவர் 80 என்றார். எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட வாக்கியம் அது!

சொற்களுக்கு எண் வரம்பு கட்ட வேண்டும் என்று கென்ட் வற்புறுத்தினார்; சொற்களின் மென்மை கெட்டுவிடும் என்று துறையில் பலர் மறுத்தனர். அவர்களைக் கவிஞர்கள் என்று அவர் கேலி செய்தார். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றி வளைகுடாவில் ஏறத்தாழ 1,400 பேர் கொண்ட நாடுகடந்தோர் படையை இறக்கும் திட்டம் கென்னடியிடம் வந்தது. வெற்றிக்கு 'ஃபேர் சான்ஸ்' உண்டு என்று படைத்தலைமையின் அறிக்கை கூறிற்று. அதை எழுதிய தளபதி மனத்தில் வைத்திருந்தது நூற்றுக்கு முப்பது என்பது பின்னரே வெளியாயிற்று. ஆங்கிலத்தில் அத்தொடரை 'நல்ல வாய்ப்பு' என்றும் படிக்கலாம். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 1,200 பேர் சிறைப்பட்டனர். ஒரு சொல்லே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது என்று எழுதியிருந்தால் யாராவது இன்னொரு முறை கேட்டிருப்பார்கள்.

கவிஞர்கள் தோற்ற இடமும் உண்டு. புவி வெப்பமடைதலை ஆராயும் பன்னாட்டு அரசுகளின் குழுவான ஐ.பி.சி.சி., 2001 முதல் தன் அறிக்கைகளில் இச்சொற்களுக்கு எண் வரம்பு கட்டியே எழுதுகிறது. 'லைக்லி' என்றால் நூற்றுக்கு 66-க்கு மேல். 'வெரி லைக்லி' என்றால் 90-க்கு மேல். 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்றால் 95-க்கு மேல். அண்மைக் காலத்து வெப்ப உயர்வில் பெரும்பகுதிக்கு மனிதச் செயலே காரணம் என்பதற்கு 2001 அறிக்கை முதற்சொல்லையும், 2007 அறிக்கை இரண்டாம் சொல்லையும், 2013 அறிக்கை மூன்றாம் சொல்லையும் இட்டன. 2021 அறிக்கை, மனிதச் செயல் புவியை வெப்பமாக்கியது ஐயத்துக்கு இடமற்றது என்று எழுதிற்று. செய்தித்தாளில் படிப்பவருக்கு இவை ஒரே பல்லவியாகத் தோன்றியிருக்கும்.

தமிழில் நம் நிலை என்ன என்று மாணவர்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். துண்டுத் தாள்களைக் கொடுத்து, 'நாளை மழை பெய்யலாம்', 'நாளை மழை பெய்யக்கூடும்', 'நாளை மழைக்கு வாய்ப்பு உண்டு', 'நாளை மழை பெய்யும் போலிருக்கிறது' என்ற நான்கு வாக்கியங்களுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. சாட்சிகள் தனித்தனியே இருக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வந்த மிகச்சிறிய எண்ணையும் மிகப்பெரிய எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். ஆசிரியரும் ஒரு தாளை நிரப்ப வேண்டும்.